மகளுக்கு மாற்றாத பிரேக் கட்டை

மகனுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து டிஸ்க் பிரேக் சைக்கிள் வாங்கிய நான், மகளின் சைக்கிளுக்குப் பிரேக் கட்டை மாற்றித் தரவில்லை. மறந்துவிட்டேன் என்றால் அது பொய். “பிரேக் பிடிக்கவே மாட்டேங்குதுப்பா” என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சும்மா கிடைத்த வண்டிதானே என்ற எண்ணம் எனக்கு.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிள் அது. 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பிறகு எல்லோருக்கும் விரிந்த திட்டம். பெண்பிள்ளைகளுக்கென்று வந்த வண்டியை நான் மதிக்கவில்லை.

ஐப்பசி மழையில், திருத்தங்கல் சாலையில், முன்னால் போன லோடு ஆட்டோ சட்டென்று நின்றது. அவளால் நிறுத்த முடியவில்லை. விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்தது.

சைக்கிள் கடையில் கட்டையைக் கழற்றியபோது ரப்பர் போய் இரும்பு தெரிந்தது. ரிம்மிலும் கோட்டம். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் புதுக் கட்டையே வழுக்கும். டிஸ்க் அப்படியில்லை. தகடு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் ரோட்டுத் தண்ணீரும் சேறும் அதிகம் எட்டாது. ரிம் கோணினாலும் பிடிப்பு குறையாது. அந்த வசதி வேண்டியிருந்தது, மழையென்றும் பாராமல் லாரிகளுக்கு நடுவே பள்ளிக்குப் போன அவளுக்கு. மகன் பக்கத்துத் தெருவுக்கு டியூஷன் போய் வந்தான்.

டிஸ்க் இல்லாததால்தான் விழுந்தாள் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. சர்வதேச சைக்கிள் சங்கம் சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்ததே 2018ல்தான். அதற்கு முன் மலையிறக்கத்தில் பறந்தவர்களில் பெரும்பாலோர் ரிம் பிரேக்கை நம்பித்தான் இறங்கினார்கள். சிவகாசியிலிருந்து விருதுநகர் வரை சமதளமாகக் கிடக்கும் எங்கள் பூமிக்கு, மழையில் கொஞ்சம் வழுக்கினாலும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட ரிம் பிரேக் போதும். டிஸ்க்குக்கும் கவனிப்பு உண்டு. சங்கிலிக்கு விடும் எண்ணெய் தகட்டில் பட்டால் பிடிப்பு போய்விடும். அதற்குப் பயந்து மகனின் சைக்கிளை வாராவாரம் துடைத்தேன். பக்கத்திலேயே மகளின் சைக்கிள் நின்றது. குனிந்து பார்க்கவில்லை. பையனின் பொருளென்றால் ஒரு மதிப்பு, பெண்ணின் பொருளென்றால் ஒரு மதிப்பு. என் குற்றம் இதுதான்; அவளிடமும் சொல்லிவிட்டேன்.

மகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, பிரேக்கை நீங்களே ஒருமுறை பிடித்துப் பாருங்கள். கட்டை மாற்றக் கால்மணி நேரம்கூட ஆகாது.