லித்தாங்கின் குதிரைகள்

குதிரைப் பந்தயம் என்றதும் என்ன ஞாபகம் வரும்? ஜாக்கி, டிக்கெட், பணம் கட்டித் தோற்றவர்கள்... அவ்வளவுதானே? திபெத்தியர்களுக்குக் கதையே வேறு.

சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில், காம் என்று திபெத்தியர்கள் சொல்லும் பகுதியில் இருக்கிறது லித்தாங். கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரம். ஏழாவது தலாய் லாமா 1708-ல் பிறந்த ஊர். ஆகஸ்ட் மாதம் இங்கே குதிரைத் திருவிழா. மேய்ச்சல்காரக் குடும்பங்கள் புல்வெளியில் கூடாரம் போட்டுத் தங்கிவிடும். குதிரைகளின் பிடரியிலும் வாலிலும் வண்ண ரிப்பன்கள். பெண்கள் கழுத்தில் பவளமும் அம்பரும்.

வேகமாக ஓடுவது மட்டும் போட்டி இல்லை. பாய்ந்து போகும் குதிரையிலிருந்து தலைகீழாகச் சாய்ந்து, தரையில் கிடக்கும் காத்தா என்ற வெள்ளைத் துண்டை எடுக்க வேண்டும். ஓடும் குதிரையில் இருந்தபடியே துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடுவதும் உண்டு. யோசித்துப் பாருங்கள், கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும்!

இதற்குள் ஒரு வியாபாரமும் இருக்கிறது. பழைய தேயிலை-குதிரைப் பாதை லித்தாங் வழியாகத்தான் போனது. வருடம் முழுக்க மேய்ச்சலில் சிதறிக் கிடப்பவர்கள் ஒரே இடத்தில் கூடும்போது பண்டம் கைமாறும், சம்பந்தம் பேசப்படும், பழைய பகையும் தீரும். செய்தித்தாள் இல்லாத ஊரில் இதுதான் செய்தித்தாள்.

அதனால்தானோ என்னவோ, 2007 ஆகஸ்ட் 1 அன்று ருங்கியே அடாக் என்ற மேய்ச்சல்காரர் விழா மேடை ஏறி மைக்கைப் பிடித்தார். தலாய் லாமா திரும்பி வர வேண்டும் என்று பேசினார். அன்று சீன ராணுவத்தின் 80-வது ஆண்டு நாள் வேறு. உடனே கைது. அந்த நவம்பரிலேயே 8 வருடச் சிறைத் தண்டனை. சில நிமிடப் பேச்சுக்கு! 2015-ல்தான் வெளியே வந்தார். விழாவும் சில வருடங்கள் நின்று போனது.

2020-ல் அதே லித்தாங்கிலிருந்து இன்னொரு முகம் வெளியே தெரிந்தது. டிங் ஜென் என்ற திபெத்திய இளைஞர். சில நொடி வீடியோவில் அவர் சிரித்த சிரிப்பு சீனா முழுவதும் பரவியது. குதிரைப் பந்தயத்தில் முதலாவதாக வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. லித்தாங்கின் அரசு சுற்றுலா நிறுவனம் அவருக்கு வேலை கொடுத்து ஊரின் விளம்பர முகமாக்கியது. பயணிகள் வந்தார்கள், ஹோட்டல்கள் நிறைந்தன. ஊருக்கு வருமானம் வந்ததைத் தப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. திருவிழா என்பது மனிதர்கள் கூடிப் பேசத்தானே? குதிரை ஓடலாம், சிரிக்கலாம், போட்டோ எடுக்கலாம், மைக்கில் மட்டும் மனதில் பட்டதைப் பேசக்கூடாது என்றால், அந்த விழா யாருடையது? ஓட்டுகிறவர்களுடையதா, பார்க்க வருகிறவர்களுடையதா?

உங்களுக்கு என்ன தோன்றுகிறது நண்பர்களே?