சாலையைப் படித்தவள்

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்ததும் அவள் அதை முதலில் பாட்டியிடம்தான் காட்டினாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. படிவம் ஐந்து தேர்வை முடித்திருந்தாள். லாபிஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய பாட்டிக்கு, இப்போது சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரத்திற்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்காகச் சிகாமட் நகருக்குச் சென்றாக வேண்டும். அப்பாவும் அம்மாவும் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே, பாட்டியை அழைத்துச் செல்லும் பொறுப்பு அவளுடையதாயிற்று.

சிகாமட் பல சாலைகள் கூடும் ஊர். 1ஆம் எண் கூட்டரசு சாலை, வடக்கே பத்து ஆனாம், கிம்மாஸ் வழியாகவும் தெற்கே லாபிஸ், யோங் பெங் வழியாகவும் செல்கிறது. 12ஆம் எண் சாலை, முவாட்சாம் ஷாவைக் கடந்து குவாந்தான் திசைக்குப் போகிறது. 23ஆம் எண் சாலையோ கூனோங் லேடாங் மலையடிவாரத்தை ஒட்டி, தங்காக், மூவார் பக்கம் இறங்குகிறது. வடக்குத் தெற்கு நெடுஞ்சாலை இவ்வூரைத் தொடுவதில்லை. எனவே, செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி, விரைவுப் பேருந்து, பள்ளி மாணவனின் மோட்டார் சைக்கிள் எல்லாம் பெரும்பாலும் ஒரே சாலையைத்தான் பகிர்ந்துகொள்கின்றன.

முதல் இரண்டு மாதம் எந்தக் குறையுமின்றிக் கழிந்தது. மேட்டில் நிறுத்தி எடுப்பது, முப்புள்ளித் திருப்பம், பக்கவாட்டில் நிறுத்துவது ஆகிய மூன்றையும் தேர்வில் ஒரே முறையில் செய்து முடித்தவள் அவள். அதனால், தனக்கு வண்டி நன்றாக ஓட்ட வரும் என்றே நம்பினாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலைப் பொழுது. முன்னால் செம்பனை லாரியொன்று போய்க்கொண்டிருந்தது. அதை முந்திச் செல்லும் எண்ணத்தோடு, மூன்று கார் நீளமே இடைவெளி விட்டு அவள் பின்தொடர்ந்தாள். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். திடீரென்று லாரியின் மேலிருந்து ஒரு பழக்குலை சரிந்து சாலையில் விழுந்தது. அவள் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். சக்கரங்கள் சுழலாமல் இறுகின. காரோ நிற்கவில்லை, ஈரச் சாலையில் வழுக்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. புல்தரையில் ஏறி, வடிகாலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

இருவருக்கும் காயமில்லை. பாட்டி அவளைத் திட்டவும் இல்லை. இருக்கையின் விளிம்பைப் பற்றியிருந்த பாட்டியின் கை மட்டும் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அந்தக் கையைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

அன்று மாலையே அவள் பக்கத்து வீட்டு மாமாவைப் பார்க்கச் சென்றாள். அவர் ஓட்டுநர் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

“மாமா, கார் வழுக்கினால் எப்படி நிறுத்துவது என்று எனக்குக் கற்றுக் கொடுங்கள்,” என்று கேட்டாள்.

“கற்றுத் தருகிறேன், அம்மா. ஆனால், அது கடைசிப் பாடம். அதற்கு முன்னே படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது,” என்றார் அவர்.

முதல் நாள் அவர் காரை நகர்த்தவே விடவில்லை. டயர்களைக் காட்டினார். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்றியாக வேண்டும். ஏனெனில், மழை நீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தாம். அவை தேய்ந்துவிட்டால், வேகமாகச் செல்லும் வண்டி நீரின் மேல் மிதக்கத் தொடங்கிவிடும். அவளது காரின் பின் டயர்கள் இரண்டும் தேய்ந்திருந்தன. இத்தனை நாளும் அவள் அவற்றைக் குனிந்து பார்த்ததே இல்லை.

இரண்டாவது பாடம், இடைவெளி. “80 கிலோமீட்டர் வேகத்தில் உன் கார் ஒரு விநாடியில் எவ்வளவு தூரம் ஓடும்?” என்று மாமா கேட்டார். அவள் கணக்கிட்டுப் பார்த்தாள், 22 மீட்டர். அன்று அவள் விட்டிருந்த இடைவெளி அதைவிடக் குறைவு. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஏறத்தாழ ஒரு விநாடியாவது ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே, முன்னால் செல்லும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்த பின்னர் குறைந்தது இரண்டு விநாடி கழித்தே நாம் அக்கம்பத்தை அடைய வேண்டும். மழையில் அது நான்கு விநாடி.

மூன்றாவது பாடம் அவளுக்குச் சிரிப்பை வரவழைத்தது. காரை ஓட்டிக்கொண்டே, காண்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார் மாமா.

“முன்னால் ஒரு பேருந்து,” என்றாள் அவள்.

“பேருந்து நிற்கிறதா, போகிறதா? நிற்கிறது என்றால் யார் இறங்குவார்கள்? இறங்கியவர் எந்தப் பக்கம் நடப்பார்? சாலையில் உள்ளதைப் பார்த்தால் மட்டும் போதாது, அம்மா. அடுத்து வரப்போவதையும் படிக்க வேண்டும்.”

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1930களில் இலண்டன் மாநகரக் காவல்துறை, ஹெண்டன் என்னுமிடத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. காரோட்டப் பந்தயங்களில் கலந்துகொண்ட காட்டன்ஹாம் பிரபு, 1937இல் அங்கே ஒழுங்கான பயிற்சி முறையொன்றை வகுத்துக் கொடுத்தார். தகவல் அறிதல், வண்டியின் இடம், வேகம், கியர், வேகமெடுத்தல் என ஒவ்வொன்றையும் வரிசையாகச் சிந்தித்துச் செய்ய அது கற்பிக்கிறது. சாலையில் காண்பதை வாய்விட்டுச் சொல்லும் பயிற்சியும் அங்கே இடம்பெற்றது. வாய் பேசும்போது கண் உறங்க முடியாது என்பதே அதன் பயன்.

மூன்று வாரம் கழிந்த பின்னரே மாமா அவளை ஆளில்லாத திடலொன்றுக்கு அழைத்துச் சென்றார். குறைந்த வேகத்தில் திடீரென்று பிரேக் பிடிக்கச் செய்தார். அவளது பழைய காரில் சக்கரப் பூட்டுத் தடுப்புக் கருவி இல்லை. எனவே, சக்கரம் இறுகும்போது காலைச் சற்றுத் தளர்த்தி, மீண்டும் அழுத்த வேண்டும். சக்கரம் சுழன்றால்தான் ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும். அக்கருவி உள்ள புதிய கார்களில் மிதி அதிர்ந்தாலும் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமலேயே பலர் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

“இனி வழுக்கினாலும் எனக்குப் பயமில்லை, மாமா!” என்றாள் அவள் மகிழ்ச்சியுடன்.

மாமாவின் முகம் மாறியது. “அந்தப் பயம் இருக்கட்டும், அம்மா. அதை எடுத்துவிட வேண்டும் என்று நான் இதைக் கற்றுத் தரவில்லை,” என்றார்.

அவர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. நார்வே நாடு 1979இல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குச் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. விபத்துகள் குறையும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஆனால், அப்பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழுக்குச் சாலைகளில் முன்னிலும் அதிகமாக விபத்துக்குள்ளானதைப் பின்னர் ஆய்வு காட்டியது. 1996இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்றும் இதன் காரணத்தைத் தெளிவாக்கியது. ஒரு குழுவினருக்குத் திறன் மட்டும் கற்பிக்கப்பட்டது. மற்றொரு குழுவினருக்குத் தங்கள் திறனின் எல்லை உணர்த்தப்பட்டது. சோதித்தபோது இரு குழுவினரின் திறனிலும் வேறுபாடு இல்லை. முதல் குழுவினர் தங்களைப் பற்றி மிகையாக மதிப்பிட்டிருந்தார்கள் என்பதே வேறுபாடு. கைக்கு வந்த வித்தை, கவனத்தைக் களவாடிவிட்டது.

மலேசியாவில் சாலை விபத்துகள் பல ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு ஆறாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைப் பறித்துள்ளன. 2016ஆம் ஆண்டில் மட்டும் இறந்தோர் 7,152 பேர். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே, மேம்பட்ட பயிற்சி என்பது ஆபத்திலிருந்து தப்பும் வித்தை மட்டுமன்று. ஆபத்து தொலைவில் இருக்கும்போதே அதைக் கண்டுகொண்டு, அதற்கு வழிவிட்டு ஒதுங்கும் பழக்கமே அதன் உயிர். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழி சாலைக்கும் பொருந்தும்.

சில மாதங்கள் கழிந்தன. மீண்டும் ஒரு மழை நாள். சிகிச்சை முடிந்த களைப்பில் பாட்டி பின் இருக்கையில் உறங்கிவிட்டார். சிகாமட்டிலிருந்து வீடு நோக்கி வந்துகொண்டிருந்த அவள், வழக்கம்போல் மெல்லிய குரலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “இடப்பக்கம் செம்மண் பாதை. செம்பனை மரங்கள் மறைக்கின்றன. ஏதோ வெளிச்சம் அசைகிறது...”

சொல்லும்போதே அவளுடைய கால் வேக மிதியிலிருந்து விலகியிருந்தது. அடுத்த கணம், மழையங்கி அணிந்த ஒருவர் மோட்டார் சைக்கிளில், இருபுறமும் பாராமல் சாலையில் ஏறினார். அவள் பிரேக்கை மெதுவாக அழுத்தினாள். ஒலிப்பானை அடிக்க வேண்டிய தேவைகூட ஏற்படவில்லை. அவர் தம் வழியே சென்றார். தமக்குப் பின்னால் ஒரு கார் வந்து வேகம் குறைத்தது அவருக்குத் தெரிந்திருக்காது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோதுதான் பாட்டி கண்விழித்தார்.

“அதற்குள் வந்துவிட்டோமா, கண்ணு?” என்று கேட்டார்.

“வந்துவிட்டோம், பாட்டி,” என்றாள் அவள்.