துவக்கு பார்க்கும் பட்டறை

பழைய துவக்கு ஒன்று கைக்கு வந்ததும் பட்டறைக்காரர் செய்கிற முதல் வேலை, அதைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று உறுதிசெய்வது. கண்ணால் பார்க்கிறார், பிறகு சுண்டுவிரலால் தடவியும் பார்க்கிறார். கொண்டுவந்தவர் "ஒண்ணும் இல்லீங்க, நானே பார்த்துட்டேன்" என்று சொன்னாலும் விடுவதில்லை. "நீங்க பார்த்தது உங்களுக்கு, நான் பார்க்கிறது எனக்கு" என்கிறார். ஐம்பது வருடத்துக்கு முன் தகப்பனாரிடம் படித்த முதல் பாடம் இதுதானாம்.

கம்பளையிலிருந்து கண்டிக்குப் போகிற வழியில் இருக்கிறது இந்தப் பட்டறை. அனுமதிப்பத்திரம் உள்ள துவக்குகளை மட்டுமே பழுதுபார்க்கிறார்கள். கந்தப்பளையில் மரக்கறி செய்யும் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரோடு அங்கே போனேன். உருளைக்கிழங்குப் பாத்திகளைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போவதைப் பார்த்து நொந்துபோனவர் அவர். பழைய துரை பங்களாவிலிருந்து வந்த, குட்டைக் குழல் பாயிண்ட் டூ டூ ரைபிள் ஒன்று விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டிருந்தார். வாங்குமுன் விஷயம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். விற்க நினைத்தவரும் தன் பத்திரத்தோடும் ரைபிளோடும் பட்டறைக்கே வந்திருந்தார்.

பாயிண்ட் டூ டூ என்பது ஏறக்குறைய ஐந்தரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சின்னச் சன்னம். வேட்டைத் துவக்குத் தோட்டாவில் அடித்தட்டின் நடுவே இருக்கும் வெடிமூடியில் ஊசி குத்தும். இதில் தனி வெடிமூடி கிடையாது. வெடிக்கும் கலவை அடித்தட்டின் விளிம்புக்குள் சுற்றிலும் படிந்திருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி தன் சிறிய ரிவால்வருக்காகக் கொண்டுவந்த தோட்டாவிலிருந்து தொடங்கிய வகை இது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் நீளத் தோட்டா 1887இல் வந்தது. சத்தம் குறைவு, பின்னுதைப்பும் மிகக் குறைவு, விலையும் மலிவு. குறிபார்த்துச் சுடப் பழகுகிறவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள்.

பட்டறைக்காரர் ரைபிளின் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குழலின் ஒரு முனையில் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து மறுமுனையில் கண்ணை வைத்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே முறுக்கிக்கொண்டு போகும் பள்ளங்கள் பளிச்சென்று தெரிந்தன. பாதி வழியில் ஏதாவது கறுப்பு வளையம் தெரிகிறதா என்று கேட்டார். முன்பு சுட்ட சன்னம் குழலில் சிக்கியிருக்கும்போது மறுபடி சுட்டால், அந்த இடத்தில் குழல் உப்பிவிடும். வெளியே கைக்குத் தட்டுப்படாவிட்டாலும் அந்த உப்பல் உள்ளே வளையமாக நிழல் காட்டும். இதில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்து தோட்டா உட்காரும் அறையின் வாய். பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பள்ளம். தோட்டா போடாமலே விசையை இழுத்து இழுத்து விளையாடியதால் வந்தது அது. தோட்டா இருந்தால் ஊசி அதன் விளிம்பில் அடிக்கும். இல்லாவிட்டால் குழலின் இரும்பிலேயே போய் அடிக்கும். நாளாவட்டத்தில் இரும்பு குழிந்து, தோட்டா சரியாக உட்காராது, வெடித்த கூடும் வெளியே வராது. விளிம்பில் அடிக்கும் ரைபிளுக்கே உரிய நோய் இது. பழைய ரைபிள் வாங்குகிறவர்களில் பலர் மரக்கட்டையின் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். இந்தப் பள்ளத்தைப் பார்க்கத் தெரிந்தவர்தான் வேலைக்காரர்.

மரத்தைக் கழற்றியபோது மலைநாட்டின் குணம் தெரிந்தது. மூடப்பட்டிருந்த இடத்தில் குழலின் அடிப்பக்கம் முழுக்கத் துரு. நுவரெலியாப் பக்கத்து மூடுபனியில் துவக்கைத் தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம் என்றார். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்புக்கு ஊட்டுமாம். எண்ணெய்த் துணியால் துடைத்து, காற்றோட்டமுள்ள இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும்.

துருவைத் துடைத்ததும் முத்திரை தெரிந்தது. கிரீடம், அதன் கீழ் எழுத்துகள். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட சோதனைச்சாலை இருக்கிறது. அங்கே வழக்கத்தைவிடக் கூடுதலான அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டு, குழல் தாங்கினால் மட்டுமே முத்திரை குத்துவார்கள். கள்ளப் பட்டறையில் செய்த குழலில் அது இருக்காது. பிறகு எண். பட்டறைக்காரர் பத்திரத்தை ஒரு கையிலும் ரைபிளை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டு வாசித்தார். எண் சரியாக இருந்தது.

குழலின் முன்முனைக்கு வந்ததும் அவர் முகம் மாறியது. கழற்றிய பூட்டைத் திரும்ப மாட்டி மூடி, மெல்லிய மரக்கோலை உள்ளே விட்டு நீளத்தை அளந்தார். முன்முனை எல்லாப் பக்கமும் சீராக இல்லை. ஆலையில் கடைந்த முனையில் உள்விளிம்பு வட்டமாக மழிக்கப்பட்டிருக்கும்; இதில் அரம் இழுத்த கோடுகள். முன்குறி ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டிருந்தது. அதைச் சுற்றி இரும்பின் நீலநிறம் வெளிறியிருந்தது. "இது குட்டையாப் பிறந்த குழல் இல்ல, அறுத்த குழல்" என்றார்.

ஆலையிலேயே குட்டைக் குழலோடு செய்யப்படும் ரைபிள்கள் உண்டு. பாயிண்ட் டூ டூ தோட்டாவின் மருந்து கொஞ்சமாக இருப்பதால் பதினாறு, பதினெட்டு அங்குலக் குழலுக்குள்ளேயே பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடும். ஆகவே குட்டை என்பதால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் அறுத்த குழல் வேறு விஷயம். முனை கோணலானால் சன்னம் புறப்படும்போதே ஒரு பக்கம் தள்ளப்படும், குறி தவறும். அதைவிடப் பெரிய கேள்வி, எதற்காக அறுத்தார்கள் என்பது. பயிர் காக்கிறவனுக்குத் துவக்கை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

விற்க வந்தவருக்குத் தகப்பன் வழியாக வந்த ரைபிள் அது. அறுத்தது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பட்டறைக்காரர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "விலை பேசாதீங்க, ஐயா. பத்திரம் குடுத்த இடத்துலயே போய் உள்ளதைச் சொல்லுங்க. இப்பவே சொன்னா நீங்க நேர்மையானவர். நாளைக்கு வேற ஒருத்தர் கண்டுபிடிச்சா நீங்க பதில் சொல்லணும்." அதற்கு மேல் அந்த ரைபிளில் அவர் கை வைக்கவில்லை. பார்த்ததற்குக் கூலியும் வாங்கவில்லை.

கணக்கப்பிள்ளை அண்ணனுக்கு இன்னொன்றும் சொன்னார். "குழல் நல்லா இருந்திருந்தாலும் இது உங்களுக்கு ஆகாது அண்ணே. இதால சுட்டா பன்றி காயத்தோட ஓடும், சாகாது. காயம்பட்ட பன்றி கொழுந்தெடுக்கிற பொம்பளைங்க மேலதான் பாயும்." இந்தச் சின்னச் சன்னம் தடையில்லாமல் போனால் ஒரு மைலுக்கும் மேல் பறக்கும் என்பதையும் நினைவுபடுத்தினார். மலைச்சரிவில் மேலே நின்று சுட்டால் கீழே லயம் இருக்கிறது, ரோட்டு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. பள்ளத்தாக்கு முழுக்க மனிதர்கள் வாழும் நாட்டில் இது வெறும் எச்சரிக்கை அல்ல.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த மலைகளில் துவக்கு நெடுங்காலம் துரைமாரின் சொத்தாகவே இருந்தது. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தன் வேட்டைகளைப் புத்தகமாகவே எழுதினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸின் கல்லறை இன்றும் நுவரெலியாவில் இருக்கிறது. தொழிலாளிக்குத் துவக்கு அறிமுகமானது மறுமுனையில். 1940 ஜனவரி 10ஆம் தேதி முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தக் காலத்தில் பொலிஸார் சுட்டுத் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது நடந்த சூட்டில் சிவனு லட்சுமணன் இறந்தார். இந்த நினைவோடு வளர்ந்த சமூகத்தில் ஒருவர் சட்டப்படி துவக்கு வாங்க நினைக்கும்போது, அதன் பொறுப்பு முழுவதையும் சேர்த்தே வாங்குகிறார்.

துரைமாருக்கு முன், கண்டி ராச்சிய காலத்தில் இந்நாட்டுக் கம்மாளர்கள் செய்த துவக்குகள் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இடதுபக்கம் பூட்டு வைத்து, கட்டையில் நுணுக்கமான வேலைப்பாடு செய்த அவை உலகச் சேகரிப்பாளர்கள் தேடுகிறவை. அந்தக் கைத்தொழிலின் மிச்சம் இன்று சில பழுதுபார்க்கும் மேசைகளில்தான் இருக்கிறது. இந்தப் பட்டறைக்காரரின் மகன் மோட்டார் சைக்கிள் கராஜ் நடத்துகிறார்; பேரன் இந்தப் பக்கமே வருவதில்லை. வருடத்தில் பாதி நாள் வேலை இல்லாத தொழிலுக்குப் பிள்ளையைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறார் பெரியவர். ஆனால் அறுத்த குழலை அடையாளம் காணும் கண் எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை. அந்தக் கண்கள் மூடிவிட்டால் எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற நிலை வரும். அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் அலுவலகங்கள் இப்படிப்பட்ட பட்டறைக்காரர்களைப் பரிசோதகர்களாக அமர்த்திக்கொள்வது பொதுமக்களின் பாதுகாப்புக்கே நல்லது.

பன்றித் தொல்லை பொய்யல்ல. அதற்கு மக்கள் தேடும் குறுக்குவழிகள் துவக்கைவிட ஆபத்தானவை. பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு பன்றியையும் மனிதனையும் பிரித்துப் பார்க்காது. சுருக்குக் கம்பியும் அப்படியே. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் மரக்கறிப் பாத்தி அருகே கம்பியில் சிக்கிய அபூர்வமான கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் செத்துப்போனது.

ஆகவே மலையகத்துச் சிறு விவசாயிகளுக்குச் சொல்வது இதுதான். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பத்திரம் இல்லாத துவக்கைக் கையில் வைத்திருப்பதே குற்றம். முதலில் வேலி போடுங்கள், பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து காவல் வையுங்கள். துவக்குத்தான் வேண்டும் என்றால் மாவட்டச் செயலகத்தில் முறைப்படி விண்ணப்பித்துப் பயிர்க்காப்புக்கு உரியதையே கேளுங்கள். பழையதை வாங்கினால் காசு கொடுக்குமுன் எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிட்டு, தொழில் தெரிந்த ஒருவரிடம் குழலைக் காட்டுங்கள். எண் அழிந்த துவக்கையும், குழல் அறுத்த துவக்கையும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.