பை காக்கும் பதவி

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு பங்குக் குரு ரோலர் கோஸ்டர் எனப்படும் விளையாட்டு வண்டியில் ஏறி இறங்கிய கதையைக் குடும்ப இதழொன்றில் எழுதுவது தகுமோ என்று நெடுநாள் தயங்கினோம். தயக்கத்துக்குக் காரணம் அவ்வண்டியன்று. அதனைச் சொன்னால் இன்னொன்றையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னது தவிர, வேறெங்கும் அதனை நாம் விரித்துரைத்ததில்லை.

நமக்கு உயரம் ஆகாது. எட்டு வயதில், நம் ஊர்ப் புனிதரின் திருவிழாச் சந்தையில், மரத்தாலான தொட்டில் ராட்டினம் ஒன்றில் அண்ணனோடு ஏறினோம். இருவர் நின்று கையால் தள்ளிச் சுழற்றும் ராட்டினம் அது. தென்னையின் பாதி உயரமும் இராது. கீழ்த்தொட்டிலில் ஆள் ஏற்றுவதற்காக நம் தொட்டிலை உச்சியில் நிறுத்திவிட்டனர். காற்றில் அது மெல்ல ஆடிற்று. அவ்வளவே நிகழ்ந்தது. நாமோ கோவில் கோபுரத்துச் சிலுவை காதில் வாங்கும்படி அலறினோம். இறக்கிவிட்ட ஆள் நம் தந்தையாரிடம் காசைத் திருப்பித் தந்தது இன்றும் கண்முன் நிற்கிறது.

குருமடத்தில் மணிக்கூண்டில் ஏறும் முறை வந்தபோதெல்லாம் உடன்பயின்ற நண்பர் ஒருவர் நமக்காக ஏறினார். பதிலுக்கு நாம் அவருக்காகப் பாத்திரம் கழுவினோம். மலைப்பாதைப் பேருந்துகளில் நடுவழி ஓரத்து இருக்கையைப் பிடித்து, ஜெபமாலையைக் கையிலெடுத்து, கண்களை மூடிக்கொள்வோம். அருகிலிருந்தோர் அதனைப் பக்தி என்று கொண்டனர். நாம் மறுத்துரைக்கவில்லை.

இவையெல்லாம் சிரிப்புக்குரிய செய்திகள். 1999ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நிகழ்ந்தது அத்தகையதன்று.

கீழ்ப் பழனி மலையடிவாரத்துப் பங்கொன்றில் அப்போது நாம் துணைப் பங்குத்தந்தை. பங்குத்தந்தையார் வெளியூர் சென்றிருந்தார். இரவு ஒன்பது மணியளவில், கொட்டும் மழையில், காப்பித் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஓர் இளைஞர் ஜீப்பில் இறங்கி வந்தார். "மாமாவுக்கு ரொம்ப முடியலை சாமி. உங்களைத்தான் கேக்குறாரு. கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றார். நாம் அவரிடம் பாதையைப் பற்றி வினவினோம். எத்தனை வளைவுகள், ஓரத்தில் கரைச்சுவர் உண்டா, வண்டியில் நல்ல விளக்கு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டோம். கரைச்சுவர் இல்லை என்றார். "மழை கடுமையாக இருக்கிறது, விடியட்டும், முதல் வெளிச்சத்தில் புறப்படுவோம்" என்று சொல்லி உள்ளே போனோம். அவர் இரவெல்லாம் நம் திண்ணையிலேயே குந்தியிருந்தார்.

விடிந்ததும் ஏறினோம். நோயுற்றவர் அதிகாலை மூன்றரை மணிக்கு உயிர் நீத்திருந்தார். வாசற்பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தாராம். அவருடைய துணைவியார் நம்மைக் கண்டதும் எழுந்து கைகூப்பி, "அந்த மழையில நீங்க எப்படிச் சாமி வருவீங்க" என்று, நாம் கேளாமலே ஆறுதல் சொன்னார். ஒரு வசைச்சொல்லைத் தாங்கியிருப்போம். அந்த ஆறுதலை இருபத்து நான்கு ஆண்டுகள் சுமந்தோம். ஏனெனில், நாம் அஞ்சியது மழைக்கன்று.

இனி வண்டியின் கதைக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜெர்மனி நாட்டு ஃப்ரைபுர்க் உயர்மறைமாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு, விடுமுறையில் சென்ற பங்குத்தந்தையாரின் இடத்தில் நான்கு வாரம் பணியாற்றச் சென்றிருந்தோம். முன்னம் உயர்கல்விக்காக அந்நாட்டில் தங்கிக் கற்ற மொழி கைகொடுத்தது. அவ்வூர்ப் பீடச் சிறுவரும் சிறுமியரும் ஆண்டுக்கொருமுறை சுற்றுலாச் செல்வர். எங்கே என்று கேட்பார் எவருமிலர். அப்பகுதியில் பீடச் சிறுவர் சுற்றுலா என்றால் ரூஸ்ட் என்னும் ஊரிலுள்ள யூரோப்பா பார்க் என்பதே பொருள். 1975ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெரும் கேளிக்கைப் பூங்கா அது. அதனை நடத்தும் மாக் குடும்பத்தார் 1780ஆம் ஆண்டு முதல் வால்ட்கிர்க் என்னும் ஊரில் வண்டி கட்டும் தொழில் செய்தவர்கள். பின்னர்ச் சந்தைகளுக்கு ராட்டினங்களும் இவ்வகை வண்டிகளும் செய்யத் தொடங்கினர்.

புறப்பாட்டுக்குப் பத்து நாளுக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து திருவுடை களைகையில், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் நம்மருகே வந்து நின்றான். இரண்டு ஆண்டுகளாக அவன் சுற்றுலாவில் வகித்த பதவி, பை காக்கும் பதவி. மற்றவர் வண்டியில் ஏறுவர். இவன் கீழே அவர்களுடைய பைகளை அணைத்துக்கொண்டு நிற்பான். 1 மீட்டர் 40 சென்டிமீட்டர் உயரமில்லாதவர் அங்குள்ள பெரிய வண்டியில் ஏறலாகாது என்ற விதி அவனைக் காத்துவந்தது. இவ்வாண்டு அவன் 1 மீட்டர் 43 வளர்ந்துவிட்டான். "ஃபாதர், நீங்கள் அதில் ஏறுவீர்களா?" என்றான். பைகளை நாமே பார்த்துக்கொள்வதாக எண்ணியிருந்தோம் என்று உண்மையையே சொன்னோம். அவன் நம்மைச் சற்று நேரம் நோக்கி, "நீங்கள் வந்தால் நானும் வருவேன். இல்லாவிட்டால் பைகளை இருவரும் பார்த்துக்கொள்ளலாம்" என்றான்.

இரண்டாவது ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆயினும், திண்ணையில் குந்தியிருந்த அந்த இளைஞர் எங்கிருந்தோ நினைவில் வந்தார். வருகிறோம் என்று சொல்லிவிட்டோம்.

அன்றிரவே அவ்வண்டியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். குருமடம் நமக்குக் கற்பித்த முதற்பழக்கம், அஞ்சுவதைப் பற்றி நூல் தேடுவது! உருசிய நாட்டார் குளிர்காலத்தில் உயர்ந்த மரச்சாரங்களின் சரிவில் பனிக்கட்டியை உறையச் செய்து சறுக்கி விளையாடியதே இதன் மூலம். ஆதலால் பிரெஞ்சு, இத்தாலிய, இசுபானிய மொழிகளில் இதற்கு 'உருசிய மலை' என்று பெயர். உருசியரோ இதனை 'அமெரிக்க மலை' என்கின்றனர். இத்தகைய பொருளைத் தமதென்று ஒப்புக்கொள்ள எவருக்கும் மனமில்லை போலும். 1884ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரை அடுத்த கோனித் தீவில் தாம்சன் என்பார் ஓடவிட்ட வண்டி, ஐந்து சென்ட் கட்டணத்தில், மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில் ஓடிற்று. நம்மூர் மிதிவண்டியும் அதனை முந்திவிடும். அதில் ஏறக் கேட்டிருந்தால் இசைந்திருப்போம்.

நாம் ஏற வேண்டியதோ 'சில்வர் ஸ்டார்'. 2002ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. உயரம் 73 மீட்டர். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தை விட உயரம். வேகம் மணிக்கு 127 கிலோமீட்டர். உச்சிவரை சங்கிலி இழுத்துச் செல்லும்; அதன்பின் அதற்கு இயந்திரமே இல்லை. விழும் வேகமே அடுத்த மேட்டை ஏற்றுகிறது. சக்கரங்கள் தண்டவாளத்தின் மேல் மட்டுமல்ல, பக்கத்திலும் அடியிலும் உள்ளன. அடிச்சக்கரம் வண்டி மேலெழும்பாதவாறு பற்றிக்கொள்ளும். ஜான் மில்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1919ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அமைப்பு அது. வயிறு மேலெழும் உணர்வுக்கும் விளக்கம் கிடைத்தது. இருக்கை நம்மைத் தாங்குகிறது; உடல் தன் உறுப்புகளைத் தாங்குகிறது. இருக்கையும் நாமும் ஒன்றாக விழும்போது அத்தாங்குதல் இல்லாது போகவே, குடல் மிதப்பதாகத் தோன்றுகிறது. இவையனைத்தையும் ஐயந்திரிபறக் கற்றோம். அறிவு கழுத்துக்கு மேலேயே நின்றுவிட்டது, வயிற்றுக்கு இறங்கவில்லை.

உண்மையில் உதவியது வேறு. அவ்வூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நம் நிலையைக் கேட்டு நகையாமல், "கவிஞர் கதேயும் உங்களைப் போலத்தான்" என்றார். 1770ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்குச் சட்டம் பயிலச் சென்ற இளைஞர் கதேக்கு உயரத்தைக் கண்டால் தலைசுற்றுமாம். அந்நோயைத் தாமே தீர்த்துக்கொள்ள, நகரப் பேராலயக் கோபுரத்தின் உச்சிக்குத் தனியே ஏறி, கால்மணி நேரம் உள்ளடங்கி அமர்ந்து, பிறகு கைப்பிடியில்லாத சிறு தளத்தில் வெளியே வந்து நிற்பாராம். அச்சம் மரத்துப்போகும்வரை மீண்டும் மீண்டும் அதனைச் செய்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். உளவியல் கற்றோர் இன்று அச்ச நோய்க்குக் கையாளும் முறையும் ஏறத்தாழ இதுவே. 1924ஆம் ஆண்டு மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலுக்கு அஞ்சிய சிறுவனுக்கு அவன் விரும்பும் தின்பண்டம் கொடுத்துக்கொண்டே முயலை நாளுக்குநாள் சிறிது அருகில் கொணர்ந்து, இறுதியில் அவனே அதனைத் தடவும்படி செய்த வரலாற்றைக் குருமடப் பாடத்தில் படித்தோம். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். நம் சொந்த முயலுக்கு அதனைப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

ஸ்ட்ராஸ்பூர்க் அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ரைன் ஆற்றைக் கடந்தால் பிரெஞ்சு நாடு. பேராலயக் கோபுரத்தின் முழு உயரம் 142 மீட்டர். கதே ஏறிய உச்சிவரை நாம் போகவில்லை. மக்கள் ஏறும் தளம் 66 மீட்டர் உயரத்தில் உள்ளது; படிகள் 332. சுழற்படி, பக்கச்சுவரிலோ கற்பின்னல் இடைவெளிகள், ஒவ்வோர் அடியிலும் கீழேயுள்ள முற்றம் கண்ணில் படும். செவ்வாய்க்கிழமை ஏறினோம், நூற்றுச் சொச்சம் படியில் முழங்கால் மடங்கிற்று. அப்படியே அமர்ந்தோம். நமக்குப் பின்னே வந்த ஜப்பானியக் குடும்பத்தார் நம்மைத் தாண்டிச் செல்லவியலாமல் நின்றதால், எழுந்து இறங்க வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை மீண்டும் சென்று, அதே படியில் வேண்டுமென்றே அமர்ந்தோம். நெஞ்சு படபடத்தது, கை வேர்த்தது, ஏறத்தாழ பத்து நிமிடத்தில் படபடப்பு தானே களைத்து ஓய்ந்தது. அது ஓயும் என்பதை ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் நாம் கண்டதேயில்லை. ஏனெனில், ஓயுமுன்பே எப்போதும் ஓடிவந்திருக்கிறோம். எழுந்து தளம்வரை ஏறினோம். அழகிய நகரம் என்கிறார்கள். நாம் தளத்தின் கற்களைத்தான் பார்த்தோம். ஆயினும் நின்று பார்த்தோம்.

சுற்றுலா நாளும் வந்தது. ஆசிரியை சொன்னவாறு முதலில், சிறிய வண்டியொன்றில் இருவரும் ஏறினோம். இருமுறை ஏறினோம். ஐந்து வயதுக் குழந்தையொன்று முன்னிருக்கையில் சிரித்துக்கொண்டிருந்தது நம் தன்மானத்துக்கு நல்ல மருந்து. பிறகு பெரிய வண்டியின் வரிசையில் நின்றோம். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஏறலாகாது என்ற பலகையை மும்முறை வாசித்தோம். நமக்குப் பொருந்துவது ஒன்றுமில்லை என்பது சற்றே ஏமாற்றமளித்தது. சிறுவன் வெளிறிப்போய்ப் பேச்சற்றிருந்தான். "திரும்பிப் போவோமா?" என்று அவனைக் கேட்கும் சாக்கில் நம்மையே கேட்டுக்கொண்டோம். "நீங்கள் போகிறீர்களா?" என்றான். "உன்னை விட்டுவிட்டுப் போகமாட்டோம்" என்றோம். சொன்னபின் அச்சொற்கள் நமக்கே விளங்கின.

மடிமீது தடுப்புக்கம்பி இறங்கிற்று. டக், டக், டக் என்று சங்கிலி இழுக்க, வண்டி ஏறத் தொடங்கியது. பின்னோக்கி வழுவாதபடி தடுக்கும் பற்களின் ஒலியே அது என்று படித்திருந்தோம். ஏறும் அந்நேரமே கொடியது. நேரம் நீண்டு கிடந்தது. கண்களை மூடலாம் என்று நினைத்தபோது, சிறுவனின் கை நம் மணிக்கட்டைப் பற்றிற்று. கண்களைத் திறந்தே வைத்தோம். ஒருபுறம் கருங்காட்டு மலைகள், மறுபுறம் ரைன் நதிக்கு அப்பால் வோஜ் மலைகள், நடுவே சோள வயல்கள். வானம் தெளிவாயிருந்தது. பின்பு உலகம் நம்மடியிலிருந்து உருவப்பட்டது.

அலறினோம். எட்டு வயதில் அலறிய அதே அலறல்தான். எந்த மொழியில் என்று தெரியவில்லை. "அம்மா" என்றதாகச் சிறுவன் பின்னர்ச் சொன்னான். அவனும் தன் மொழியில் அதனையே சொன்னானாம். இரண்டாம் மேட்டில் உடல் எடையற்று மிதந்தபோது, குடல் எழுந்தது, எழுந்து திரும்பவும் தன்னிடத்தில் அமர்ந்தது. மூன்றாம் மேட்டில் அது மீண்டும் எழுமென எதிர்பார்த்தோம். எதிர்பார்த்த அளவுக்குத்தான் எழுந்தது. நான்கு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து, கால் நடுங்க இறங்கினோம். அச்சம் அகன்றதா எனில், இல்லை. சிறுவன் மறுபடியும் ஏறினான், அக்காளோடு. நாம் அவனுடைய பையை வைத்துக்கொண்டு கீழே நின்றோம்.

ஊர் திரும்பிய பின், அவ்வாண்டு அக்டோபரில், இப்போதுள்ள பங்குத்தந்தையிடம் விசாரித்து, அந்தத் தோட்டக் குடியிருப்புக்குப் புறப்பட்டோம். ஜீப்பில் முன்னிருக்கையில் அமர்ந்தோம். கரைச்சுவர் சில இடங்களில் கட்டியிருக்கிறார்கள். பல இடங்களில் இன்னும் இல்லை. நெஞ்சு படபடத்தது, அது ஓயும்வரை பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே சென்றோம்.

அம்மையார் மகன் வீட்டில் இருக்கிறார். தலை முழுதும் நரைத்துவிட்டது. கடுங்காப்பி கொடுத்து, எதிரே தரையில் அமர்ந்தார். "அம்மா, அன்றிரவு மழைக்காக நாம் தங்கிவிடவில்லை. பாதைக்குப் பயந்தே வரவில்லை" என்றோம். மன்னிப்புக்காகப் பல சொற்களை எண்ணி வந்திருந்தோம். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

அவர் நம் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "தெரியும் சாமி. மருமகன் அப்பவே சொல்லிட்டான். சாமி மழையைப் பத்தி ஒண்ணும் கேக்கலை, ரோட்டைப் பத்தித்தான் கேட்டாருன்னு."

மேலும் சிறிது காப்பி ஊற்றினார். தம் கணவரைப் பற்றி நெடுநேரம் பேசினார். அவர் நன்றாகப் பாடுவாராம், அது நமக்குத் தெரியாது. மாலையில் ஜீப் வந்ததும் வாசல்வரை வந்து, "இறங்கும்போது முன்னால உக்காராதீங்க சாமி. நடுவுல உக்காருங்க" என்றார்.

முன்னிருக்கையிலேயே அமர்ந்தோம்.