துஜுங்கா கால்வாயின் நெடுஞ்சுவர்

வேலி கிளென்னுக்குப் போகிறவர்கள் குனிந்து பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரின் வடபகுதியில், சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் இருக்கும் இந்தப் பேட்டையில் அண்ணாந்து பார்க்க எதுவும் இல்லை. வீடுகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், கடைகள், லாஸ் ஏஞ்சலிஸ் வேலி கல்லூரி, பக்கத்திலேயே கிராண்ட் உயர்நிலைப் பள்ளி. கோல்ட்வாட்டர் கேன்யன் அவென்யூவில் பர்பேங்க் பூல்வார்டுக்கும் ஆக்ஸ்னார்ட் தெருவுக்கும் நடுவே கம்பித் தடுப்பு ஓரமாக நடந்தால் கீழே ஒரு கான்கிரீட் கால்வாய் தெரியும். அதன் பக்கச் சுவரில், ஏறத்தாழ 13 அடி உயரத்தில், 2,754 அடி நீளத்துக்குக் கலிஃபோர்னியாவின் வரலாறு வண்ணத்தில் ஓடுகிறது. காரில் விரைகிறவர்களுக்கு இது கண்ணில் படாது. நடக்கிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கிற ஓவியம்.

‘லாஸ் ஏஞ்சலிஸின் நெடுஞ்சுவர்’ என்று ஊரார் அழைக்கும் இந்தச் சுவருக்கு முன்னால் இங்கே ஓர் ஆறு இருந்தது. சான் கேப்ரியல் மலையில் பிறந்து வரும் துஜுங்கா, கோடையில் மணலாகக் கிடக்கும். மழைக்காலத்தில் திடீரென்று பெருகிக் கரையை மாற்றிக்கொண்டு பாயும். 1938 மார்ச்சில் வந்த வெள்ளம் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அதன் பிறகு ராணுவப் பொறியாளர் படை அந்த வட்டாரத்து ஆறுகளைக் கான்கிரீட்டால் கட்டிப்போட்டது. வெள்ளம் அடங்கியது, ஆறும் போனது. ஆற்றங்கரை என்று ஒன்று இல்லாமல் போனதால், அங்கே கூடி நின்று பேசும் வழக்கமும் அற்றுப்போனது. அந்தக் கான்கிரீட்டை நிலத்தின் மேல் விழுந்த தழும்பு என்று சொன்னவர் ஜூடித் பாக்கா. அந்தத் தழும்பின் மேல் பச்சை குத்துவதாகத்தான் அவர் இந்த ஓவியத்தை எண்ணினார்.

பாக்கா 1946இல் பிறந்தவர். மெக்சிக வம்சாவளி. இதே பள்ளத்தாக்கில் உள்ள பக்கோய்மாவில் வளர்ந்தவர். பள்ளி ஆசிரியையாக இருந்தவர், வியட்நாம் போரை எதிர்த்துக் குரல் கொடுத்ததால் வேலையை இழந்தார். மாநகரப் பூங்காத் துறைக்காகப் பாயில் ஹைட்ஸ் பகுதியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கப் போனபோது, ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் நான்கு கும்பல்களின் பையன்களை ஒரே குழுவாகச் சேர்த்து, 1970இல் ஹாலன்பெக் பூங்காவின் இசை மேடையில் கைகளை விரித்து நிற்கும் ஒரு பாட்டியை வரையவைத்தார். நெடுஞ்சுவரின் விதை அந்தப் பாட்டிதான் என்பேன். ஒரு சுவரின் முன் எதிரிகளை நிற்கவைக்க முடியும், அவர்கள் கையில் தூரிகையைக் கொடுக்க முடியும் என்று பாக்காவுக்குத் தெரிந்தது அங்கேதான்.

1974இல் பொறியாளர் படையே அவரை அணுகியது. கால்வாயை ஒட்டிச் சிறு பூங்கா அமைக்கிறோம், சுவரை அழகாக்கித் தர முடியுமா என்று கேட்டார்கள். அழகுபடுத்தச் சொன்னவர்களிடம் வரலாறு எழுதுகிறேன் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். 1976இல் கிறிஸ்டினா ஷ்லெஸிங்கர் என்ற ஓவியருடனும் டோனா டீச் என்ற திரைப்பட இயக்குநருடனும் சேர்ந்து அவர் ‘ஸ்பார்க்’ என்ற சமூகக் கலை மையத்தைத் தொடங்கினார். வெனிஸ் கடற்கரைப் பகுதியில் ஒரு பழைய காவல் நிலையம் அந்த மையத்தின் இடமானது. அதே கோடையில் கால்வாய்க்குள் இறங்கினார்கள்: 80 இளைஞர்கள், பத்து ஓவியர்கள், ஐந்து வரலாற்றாளர்கள். அந்த எண்பது பேரில் பெரும்பாலோர் சிறார் நீதித் துறை அனுப்பியவர்கள். ஒரே கோடையில் ஆயிரம் அடி முடிந்தது.

இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது படத்தைவிட, அதைச் செய்த முறை. பிள்ளைகளுக்குக் கூலி கொடுத்தார்கள். நல்லெண்ணத்துக்காக வந்து சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகும் தொண்டர்களாக அவர்களை வைக்கவில்லை. வரலாற்றாளர்கள் பாடம் எடுத்தார்கள். பழைய சம்பவங்களை நேரில் கண்ட முதியவர்கள் வந்து பேசினார்கள். அதற்குப் பிறகுதான் வரைபடம், அதைக் கட்டம் போட்டுச் சுவருக்கு மாற்றுவது, சாரத்தில் ஏறி அக்ரிலிக் வண்ணம் பூசுவது எல்லாம். கால்வாயில் நீர் வரும் மாதங்களில் வேலை செய்ய முடியாது. வறண்ட கோடையிலோ கான்கிரீட் அனலாய்க் கொதிக்கும். அந்த வெயிலில், வேறு பேட்டையிலிருந்து வந்த, வேறு நிறத்துப் பையனோடு தோள் உரசி வேலை செய்ய வேண்டும். 1976, 1978, 1980, 1981, 1983 என ஐந்து கோடைகளில் நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இப்படி வேலை செய்தார்கள். 1977இல் பாக்கா மெக்சிகோவின் குவெர்னவாக்காவுக்குப் போய், சுவரோவியர் சிக்கெய்ரோஸின் பட்டறையில் பயின்று வந்தார். அந்தப் பயிற்சி சுவரிலேயே தெரிகிறது: முதல் ஆயிரம் அடியில் ஒவ்வொரு ஓவியர் கையும் தனித்தனியாக நிற்கிறது, அதற்குப் பிறகு எல்லாம் ஒரே வீச்சாக உருண்டு ஓடுகிறது.

சுவர், மனிதர் வருவதற்கு முந்தைய விலங்குகளில் தொடங்கிச் சூமாஷ் பழங்குடியினர், ஸ்பானியர் வருகை, தங்க வேட்டை என்று நகர்கிறது. 1871இல் லாஸ் ஏஞ்சலிஸில் சீனர்கள் கும்பலால் கொல்லப்பட்டது வருகிறது. 1930களில், அமெரிக்கக் குடிமக்களாக இருந்தும் மெக்சிகோவுக்கு ரயிலேற்றப்பட்டவர்கள் வருகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள் வருகிறார்கள். அன்றைய பாடப் புத்தகங்களில் பெரும்பாலும் இடம்பெறாதவர்கள் இவர்கள்.

நான் அதிக நேரம் நிற்கச் சொல்வது இரண்டு காட்சிகளின் முன். ஒன்று, போர்க்காலத்தில் தொழிற்சாலையில் உழைத்த பெண்ணை, போர் முடிந்ததும் தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து நீளும் ஒரு வாக்குவம் கிளீனர் வீட்டுக்குள் உறிஞ்சி இழுப்பது. இன்னொன்று, விரைவுச் சாலைகள் பாம்புகளாக நெளிந்து மெக்சிகக் குடும்பங்களைப் பிரித்துப் போட, சாவேஸ் பள்ளத்தாக்கு மக்களின் வீடுகள் இருந்த இடத்தில் டாட்ஜர் பேஸ்பால் மைதானம் பறக்கும் தட்டாய் வந்து இறங்குவது. அங்கே குடியிருந்தவர்களின் சொந்தக்காரர்கள் இந்த மாநகரில் இன்றும் வாழ்கிறார்கள். தங்கள் ஊர் அழிந்த கதையைத் தங்கள் வரிப்பணத்தில் கட்டிய கால்வாய்ச் சுவரிலேயே அவர்கள் பார்க்க முடிகிறது.

வெயிலும் கால்வாய் நீரும் நிறங்களை வெளுக்கச் செய்தன. 2011இல் முழுச் சுவரையும் புதுப்பித்தார்கள். அன்று சிறுவர்களாக வரைந்தவர்களில் சிலர் நரைத்த தலையோடு வந்து மீண்டும் தூரிகை பிடித்தார்கள். பொதுச் சுவர் ஒன்று முப்பது ஆண்டு தாங்குவதற்கு நல்ல வண்ணம் மட்டும் போதாது. இது என் கைவேலை என்று சொல்ல ஆள் வேண்டும். 2017இல் நெடுஞ்சுவர் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது.

1950களோடு, கறுப்பர் உரிமைப் போராட்டத்தின் தொடக்கத்தோடும் ஒலிம்பிக் வீரர்களோடும் நின்றிருந்த கதையை இன்றுவரை நீட்ட, 2021இல் மெல்லன் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது. 1960களுக்கான ஓவியங்களைப் பாக்காவும் குழுவினரும் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்திலேயே, பார்வையாளர் கண்முன்னே 2023இல் வரையத் தொடங்கினார்கள். நிழலில் வரைவது ஓவியருக்கு நல்லது. எண்பதை நெருங்கும் ஒருவரைச் சாரத்தில் ஏறச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும், கிராண்ட் பள்ளியில் மணி அடித்ததும் வெளியே வரும் பிள்ளைகள் கால்வாய்க் கரையில் நின்று, எங்கள் காலத்திலிருந்து எதை வரையப்போகிறீர்கள் என்று கேட்கவும், அது சரியில்லை என்று சண்டை போடவும் ஒரு வழி வைக்க வேண்டும். 1976இல் அந்தச் சண்டைக்குக் கூலியும் கொடுத்தார்கள்.