பிள்ளையாருக்கு நாலு கிலோமீற்றர்

ஸ்காபரோ,
ஏப்ரல் மாதம்

அன்புமிக்க நண்பருக்கு,

பனிக்காலம் கழிந்ததும் இத்தேசத்தார் எதைக் கொண்டாடுவார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மற்றவர்களைப் பற்றி அறியேன்; எவரிடமும் மாதச் சம்பளம் வாங்காமல் தன் கையே தனக்குதவி என்று ஜீவிக்கும் என் போன்றவர்கள், சப்பாத்துப் பெட்டியைக் கவிழ்த்து, கொட்டும் பற்றுச்சீட்டுகளை எண்ணியே வசந்தத்தை வரவேற்கிறோம். வரியறிக்கைக்கு ஜூன் 15 வரை தவணை தரும் கனடா அரசாங்கம், வரிப்பணத்துக்கு மட்டும் ஏப்ரல் 30க்கு மேல் பொறுப்பதில்லை.

என் தொழில் தாங்கள் அறிந்ததே. வீட்டு மேசையில் பத்திரங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பவன், அழைப்பு வந்தால் பிரம்டனிலோ ஒஷாவாவிலோ உள்ள நீதிமன்றத்துக்கு, தமிழன்றி வேறு பாஷை அறியாத ஒருவருக்கு நாவாக நிற்கக் காரோட்டிச் செல்கிறேன். அக்காருக்கு ஊற்றும் பெற்றோலின் செலவை (இங்கே நம்மவரும் ‘காஸ் அடித்தேன்’ என்றே சொல்லப் பழகிவிட்டார்கள்) வருமானத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. ஆயினும், வருஷம் முழுவதும் ஓடிய தூரத்தில் தொழில் நிமித்தம் ஓடியது எத்தனை பங்கோ, அத்தனை பங்குதான் கழியும். சென்ற வருஷம் ஓடிய 24,000 கிலோமீற்றரில் தொழிலுக்கானது 15,000. ஆகவே பெற்றோலுக்குக் கொடுத்த 3,200 டொலரில் 2,000 கழிந்தது. கழிவது வரியிலன்று, வரி விதிக்கப்படும் வருமானத்திலே என்பதால், உண்மையில் மிஞ்சியது அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவே. இந்தப் பேதம் விளங்காமல், எரித்ததெல்லாம் திரும்பி வருமென்று நம்பி, முதல் வருஷம் தாராளமாகக் காரோட்டிய பேதை நான்.

பற்றுச்சீட்டுகளை ஆறு வருஷம் காக்கவேண்டும். பம்ப் துப்பும் அந்த வழுவழுத்த காகிதமோ, காரின் முன்கண்ணாடிக்கடியில் ஒரு கோடை கிடந்தால், எண்ணும் எழுத்தும் மறைந்து வெறும் வெள்ளைத் துண்டாகிவிடும். ஒரு வருஷம் அவ்விதம் முப்பது துண்டுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிலே ‘நன்றி’ என்ற சொல் மாத்திரம் தெரிந்தது. இப்போது வாங்கிய கையோடு செல்பேசியில் படமெடுத்து வைக்கிறேன்.

அதனினும் பெரிய தண்டனை ஓட்டப் புத்தகம். தேதி, போன இடம், போன காரணம், ஓடிய தூரம் என்று தொழில் நிமித்தமான ஒவ்வொரு பிரயாணத்தையும் குறிக்கவேண்டும். கோப்பிக் கறை படிந்த என் புத்தகத்தைப் புரட்டினால், எந்த நாளில் மீன்கடைக்குப் போனேன், எந்த நாளில் மைத்துனர் வீட்டுக்குப் போய்ப் பாதி வழியில் திரும்பினேன் என்பதெல்லாம் ‘சொந்தம்’ என்ற ஒரே சொல்லின் கீழ் ஒளிந்திருக்கும்.

சென்ற மாதம் நியூமார்க்கெட் நீதிமன்றத்தில் ஓர் இளைஞனின் வழக்கு. திரும்பும் வழியில் காரை வளைத்து ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். வளைந்த தூரம் நாலு கிலோமீற்றர். இரவு அதை எழுதப் பேனாவோடு தயங்கிய என்னை மனைவி பார்த்தாள்.

“அந்தப் பெடியனுக்கு விடுதலை கிடைக்கவேணுமெண்டுதானே கும்பிட்டனீங்கள்? அப்ப அதுவும் தொழில்தானே?” என்றாள்.

மொழிபெயர்ப்பாளன் எந்தப் பட்சமும் சாராதவன் என்று சத்தியம் செய்தல்லவா நான் கூண்டருகே நிற்கிறேன்? நாலையும் ‘சொந்தம்’ என்றே எழுதினேன்.

தங்கள் அன்பன்