தொலைபேசியில் மட்டும் வரும் அப்பா

தொண்ணூறுகளில் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கமும், இடுக்கியின் குமுளி, வண்டிப்பெரியார் பக்கமும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் என்றால் டிவியில் இணைக்கும் பிளாஸ்டிக் பெட்டிதான். அதில் செருகும் கார்ட்ரிட்ஜின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்ட மகா பொய். உள்ளே இருப்பவை சில விளையாட்டுகளே. மரியோ தாவுவார், கான்ட்ரா வீரர்கள் சுடுவார்கள். கரண்ட் போனால் எல்லாம் முதலிலிருந்து.

அதே காலத்தில் ஜப்பானில் வெளிவந்த ஒரு விளையாட்டு இந்த 8 பிட் பெட்டிகளுக்குள் நுழைய வழியில்லை. அது 16 பிட் இயந்திரத்துக்கானது. வேடிக்கை என்னவென்றால், அதன் கதைதான் இவர்கள் வீட்டுக்கு மிக நெருக்கமானது.

விளம்பர வாசகங்கள் எழுதிப் புகழ்பெற்ற ஷிகெசாடோ இடோய் உருவாக்கிய 'மதர் 2' 1994இல் வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அதன் பெயர் 'எர்த்பவுண்ட்'. கதாபாத்திரமாகவே மாறி, ஊர் ஊராக நடந்து, பேசி, சண்டையிட்டுக் கதையை நகர்த்தும் ரோல்-பிளேயிங் வகை. வாளும் டிராகனும் எதிர்பார்த்தவர்கள் முன் பேஸ்பால் மட்டையோடு வந்து நின்றான் நெஸ் என்ற சிறுவன். அவனுடைய அப்பா திரையில் தோன்றுவதே இல்லை. தொலைபேசியில் பேசுவதோடு சரி. மகனின் வங்கிக் கணக்கில் பணம் போடுபவர் அவர்தான். ஆட்டம் நின்ற இடத்தைச் சேமிக்கவும் அவருக்குத்தான் போன் செய்ய வேண்டும். நெடுநாள் வெளியூரில் அலைந்தால் நெஸ்ஸுக்கு வீட்டு ஏக்கம் வந்து, சண்டையில் கை ஓடாது. அம்மாவோடு பேசினால்தான் தெளிவான்.

வளைகுடாவிலிருந்து வரும் அப்பாவின் அழைப்புக்காகப் பக்கத்து வீட்டு போனருகே காத்திருந்த பிள்ளைகளுக்கும், தேயிலை எஸ்டேட்டை விட்டுக் கம்பம், தேனி விடுதிகளில் தங்கிப் படித்தவர்களுக்கும் இதற்குப் பொழிப்புரை தேவைப்பட்டிருக்காது.

அமெரிக்காவில் விளையாட்டு எடுபடவில்லை. முகர்ந்து பார்க்கும் அட்டைகளைக் கொடுத்து, 'இந்த விளையாட்டு நாறுகிறது' என்று நிண்டெண்டோ செய்த கிண்டல் விளம்பரம் கைகொடுக்கவில்லை. விற்றவை சுமார் 1,40,000 பிரதிகள். அன்றைய தோல்விதான் இன்றைய விலை. கார்ட்ரிட்ஜ் மட்டுமே பல நூறு டாலர். வழிகாட்டிப் புத்தகத்தோடு வந்த பெரிய அட்டைப்பெட்டியும் சேர்ந்திருந்தால் அதற்கும் பல மடங்கு. 2013இல் வீ யூ, 2022இல் ஸ்விட்ச் இயந்திரங்களில் விளையாட்டு மறுபடி வந்தது. ஆனாலும் சேகரிப்பவர்களுக்குப் பழைய பெட்டிதான் வேண்டும். போலிகளும் உலவுகின்றன. திருட்டுப் பிரதி என்று கண்டுகொண்டால் எதிரிகளைப் பெருக்கி, கடைசிச் சண்டையில் உறைந்து, சேமித்ததை அழித்துவிடும் தந்திரத்தை அந்நாளிலேயே உள்ளே வைத்திருந்தார்கள்.

சேமித்ததைக் காப்பது கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று. எப்போதோ ஒரு சிறுவன் அப்பாவுக்கு போன் செய்து சேமித்த ஆட்டம் சில கார்ட்ரிட்ஜ்களில் இன்னும் இருக்கக்கூடும். பேட்டரி தீர்ந்தால் அது போய்விடும். முன்கூட்டிப் பிரதி எடுக்காமல் பேட்டரியை மாற்றினாலும் போய்விடும். முத்திரை பிரிக்காத பெட்டியிலோ அப்படி எதுவுமே இருக்காது. சந்தையில் அதற்குத்தான் விலை அதிகம்.